சுவிட்சில் பூசிய சந்தனம்

அன்றைக்குக் கம்பத்துப் பட்டறையில் இருந்தவர்களை இன்றைக்குக் கேட்டாலும் ஒரு ஆள் விடாமல் சொல்வேன். ஜீப் முதலாளி வேலுச்சாமி. பட்டறை வைத்திருந்த தாவீது அண்ணன். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவிடும் கங்காணி குருசாமி. வயர் வேலைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர். அவருக்குச் சோறு கொண்டுபோன நான். அப்புறம் நீ, அண்ணே. காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வாத்தியார் கூப்பிட்டு நிறுத்தியவன் மாதிரி நின்றாய்.

உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை காலம் தோன்றவில்லை. மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் ஆயுத பூஜைக்குப் பேரன் தன் காரைக் கழுவி நிறுத்திச் சந்தனம் பூசினான். ஈரச் சந்தன வாசம் வந்தாலே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். மறுநாள் காலையில் அந்தக் கார் கிளம்பவில்லை. கம்பெனி மெக்கானிக் வந்து சின்னப் பெட்டி ஒன்றைக் காரில் சொருகிப் பார்த்தார். "திருட்டுப் போகாம இருக்க வச்சிருக்குற சிஸ்டம்ங்க. சாவி சொல்றது வண்டிக்குக் கேக்கல. அதான் மாட்டேன்னு நிக்குது" என்றார். பேரன் உடனே பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "நீதானே சாவிய ஈரக் கையோட எடுத்த?" "ஆமா, உங்க வீட்டுல எது கெட்டாலும் நான்தான்" என்று அவளும் ஆரம்பித்தாள். மெக்கானிக் சிரித்துவிட்டார். "யாரு மேலயும் தப்பு இல்லங்க. சாவிக்குள்ள பேட்டரி தீந்துபோச்சு."

யார் மேலேயும் தப்பு இல்லை. எவ்வளவு லேசாகச் சொன்னார் பார். இதை அன்றைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தால் உன் பிழைப்பே வேறு. நீ செத்த ஊரும் வேறாக இருந்திருக்கும்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருசம் அது. போடியில் நிறுத்தியிருந்த ஒரு ஜீப்பை எவனோ கிளப்பி மலைக்கு மேலே கொண்டுபோனான். வண்டி திரும்பவே இல்லை. ஜீப் வைத்திருந்த முதலாளிகளுக்கெல்லாம் தூக்கம் போனது. வேலுச்சாமி முதலாளி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் கை விட்டுத் துழாவினால்தான் தட்டுப்படும் இடத்தில் ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னார். சாவியிலிருந்து, எஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற காயிலுக்குப் போகிற வயரை வெட்டி, நடுவில் அந்தச் சுவிட்சைச் சேர்த்தார் இவர். அதை அணைத்து வைத்துவிட்டால், திருடன் சாவியே போட்டாலும் எஞ்சின் சும்மா சுற்றும், நெருப்பு விழாது. வைக்கச் சொன்னவர், வைத்தவர், ஓட்டுகிற நீ, இந்த மூன்று பேருக்குத்தான் இடம் தெரியும்.

எனக்கு இடத்தைச் சொல்லவில்லை. விசயத்தை மட்டும் சொன்னாய். "சாவி ஒரு சொல்லு சொல்லும் ஆத்தா. அது காயிலு காதுல விழுந்தாத்தான் வண்டி ஓடும். நடுவுல நிக்கிறது ஒழுங்கா நிக்கணும், அம்புட்டுத்தான்." ஜீப்பைப் பற்றிப் பேசினால் உனக்கு வாய் ஓயாது. மாமன் மகளைப் பற்றிக்கூட நீ அப்படிப் பேசியதில்லை.

அந்த வருச ஆயுத பூஜையில் முதலாளி ஸ்டியரிங், விளக்கு, ஸ்டெப்னி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்தார். பிறகு ஒரு கைச் சந்தனத்தை அள்ளி டாஷ்போர்டுக்கு அடியில் விட்டார். "இவன்தான்லே நம்ம காவக்காரன். இவனுக்குப் பூசை இல்லாமயா?" என்று சொல்லிக்கொண்டே அப்பினாராம். பொரி தின்றுகொண்டே நீ என்னிடம் சொல்லிச் சிரித்தாய். "சுவிட்சு நெத்தி நெறையச் சந்தனத்தோட உக்காந்திருக்கு, புது மாப்பிள்ள கணக்கா."

சந்தனம் காய்ந்தது. கம்பமெட்டு வளைவுகளில் வண்டி குதித்த குதியில் தூளாகிச் சுவிட்சுக்குள் இறங்கியது. ஏலம் பறிக்கப் போகும் பொம்பளைகளோடு வண்டி பாதி மேட்டில் நிற்க ஆரம்பித்தது. நீ கீழே கையை விட்டுச் சுவிட்சை நாலு தரம் ஆட்டுவாய், ஓடும். அடுத்த வளைவில் மறுபடி நிற்கும். ஒரேயடியாகப் படுத்திருந்தால் ரிப்பேர் என்று விட்டிருப்பார்கள். நின்றும் ஓடியும் காட்டியதால்தான் வினை வந்தது. கங்காணி குருசாமி முன் சீட்டில் உட்கார்ந்து உன் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கி நேரே முதலாளியிடம் போனான். "வண்டி நிக்குது, இவன் கைய உள்ள விடுறான், ஓடுது. இது வித்தையால்ல இருக்கு? என்னைக்காவது ஆளில்லாத நேரமா நிப்பாட்டி, மேல எவன்கிட்டயாவது கை மாத்திட்டு, வண்டி களவு போச்சும்பான் பாருங்க."

அண்ணே, இந்தப் பள்ளத்தாக்கில் குடிகாரன் என்று பேர் வாங்கியவனுக்குக்கூட வண்டி கொடுப்பார்கள். திருடன் என்று பேர் வாங்கிய டிரைவருக்கு வருசநாட்டில் மாட்டு வண்டி கூடக் கிடைக்காது.

முதலாளி கெட்டவர் இல்லை. சந்தேகம் வந்ததும் அடிக்கவில்லை, போலீசுக்குப் போகவில்லை. வண்டியைத் தாவீது அண்ணன் பட்டறையில் நிறுத்தி, என் வீட்டுக்காரரை வரவழைத்து, "நீயே பாத்துச் சொல்லுப்பா. நீ என்ன சொல்றியோ அதுதான்" என்றார்.

நான் தூக்குவாளியோடு போய்ச் சேர்ந்தபோது இவர் வண்டிக்குள் குனிந்திருந்தார். கையில் இரண்டு வயர் மாட்டிய சின்ன பல்பு. ஒரு வயரை வண்டியின் இரும்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றால் தொட்டுக்கொண்டே போனார். சாவியில் தொட்டால் பல்பு எரிந்தது. காயிலில் தொட்டால் எரியவில்லை. சுவிட்சுக்கு வருகிற வயரில் எரிந்தது. சுவிட்சை விட்டுப் போகிற வயரில் இல்லை. திருப்புளியை எடுத்துச் சுவிட்சைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக ஏதோ பொருக்குக் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார், மூக்கில் வைத்துப் பார்த்தார். மற்றவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. நான் பக்கத்துக் கதவோரம் நின்றேன். எனக்கு அந்த விரலும் தெரிந்தது, வாசமும் வந்தது.

"என்னப்பா?" என்றார் முதலாளி.

இவர் விரலை வேட்டியில் துடைத்தார். "யாரோ கை வச்சிருக்காக மொதலாளி. வயர நோண்டி விட்டிருக்காக."

"சந்தன வாசம் அடிக்குதே!" என்றேன் நான், பட்டறை முழுக்கக் கேட்கும்படி.

கங்காணி சிரித்தான். "ஆயுத பூஜை கழிஞ்ச வண்டியில மீன் வாசமா ஆத்தா அடிக்கும்?"

"சோத்த வச்சிட்டு வீட்டுக்குப் போ. வயரப் பத்திப் பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்றார் இவர், நிமிராமல். உப்புத்தாளால் சுவிட்சின் உள்பக்கத்தைத் தேய்த்து மாட்டினார். ஒரே சுற்றில் எஞ்சின் பற்றியது. அதையும் சாட்சியாக்கிக்கொண்டான் கங்காணி. "பாத்தீகளா, நோண்டுனத எடுத்ததும் ஓடுது!"

நீ முதலாளியிடம், "எங்க ஆத்தா மேல சத்தியமா நான் இல்ல" என்றாய். பிறகு உன் மச்சான் பக்கம் திரும்பினாய். அவர் பல்பு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு மும்முரமாக ஒரு மனுசன் வயர் சுருட்டி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் விடவில்லை நான். "சந்தனந்தானே?" என்றேன். "ஆமா" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே. "சாமிக்குன்னு அவரு கையால வச்சது. நீ வச்ச சந்தனத்தாலதான்யா வண்டி நின்னுச்சுன்னு அத்தன பேர் முன்னாடி மொதலாளி மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? அபசகுனம்னு ஆயிராதா?"

"எங்கண்ணனத் திருடன்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

"நான் பேரு சொன்னேனா?"

சுவிட்ச் தெரிந்தவர்கள் மூன்றே பேர். பேர் வேறு சொல்ல வேண்டுமா?

உன்னிடம் சாவியை வாங்கிக்கொண்ட முதலாளி வீட்டுக்கு மறுநாளே போனேன். சந்தனத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, யோசித்தார். "நான் அப்புனது நெசந்தான். ஒம் புருசன் வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்மா. இன்னைக்கே ஒங்கண்ணன் கையில சாவியக் குடுத்துர்றேன்" என்றார். ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "கூடப் பொறந்த பாசத்துல பேசுறா மொதலாளி. நீங்க மனசுல வச்சுக்காதீக" என்றார்.

என்னைப் பொய்க்காரி ஆக்கினதை விடு. உனக்குச் சாவி திரும்பக் கிடைக்க ஒரு அடி தூரம் இருந்தது. அந்த இடத்தில் சொன்னார் அதை.

நீ மெட்டு ஏறிக் கேரளாப் பக்கம் போய்விட்டாய். எந்தக் காட்டிலோ ஏல மூட்டை சுமந்தாய். தேங்காய் எண்ணெய் வாசத்தோடு பொங்கலுக்கு வருவாய், பாதி மலையாளம் பேசுவாய். பஸ்ஸில் டிரைவர் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் பின்னால் போய் உட்காருவாய். உன் மச்சானோடு சேர்ந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாய். நான் பல்லைக் கடித்தால், "விடு ஆத்தா. ஒனக்குக் குடும்பம் இருக்கு" என்பாய். அந்த "விடு"வுக்காக உன் மேலேயும் எனக்குக் கோபந்தான். யாருக்காக விட்டாயோ அந்த ஆளுக்கு அது உறைக்கவே இல்லை. நீ செத்ததற்கு வந்து, "தங்கமான மனுசன்" என்று நாலு பேரிடம் சொல்லி அழுதார். அதே நாலு பேரிடம் சந்தனத்தைச் சொல்லுங்கள் என்று காதோரம் கெஞ்சினேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அவரும் போய்ச் சேர்ந்தார். கடைசி மாதங்களில் கஞ்சி ஊட்டினேன், முதுகு துடைத்தேன், ஒரு குறை வைக்கவில்லை. இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும் பார்த்தேன். சொல்லவில்லை. நீ திருடன் இல்லை என்று சொல்ல இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். பேரனுக்குச் சொல்லிவிட்டேன், அவன் பெண்டாட்டிக்குச் சொல்லிவிட்டேன், அந்த மெக்கானிக்கைக்கூட உட்கார வைத்துக் காப்பி கொடுத்துச் சொன்னேன். இனியும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

முதலாளி தெரியாமல் செய்தார், அவரை விட்டுவிட்டேன். தாவீது அண்ணன் வேறு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், அவர் மேல் ஒன்றும் இல்லை. கங்காணிக்கு வாய் அப்படி. இவர்களையெல்லாம் மன்னித்தாயிற்று. புருசன் பேரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது என்று வளர்த்தார்கள். ரேசன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்ல வைப்பேன். உன்னிடம் சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் மன்னிக்காத ஆள் செல்லையா.