சிரிப்புச் சத்தம் இல்லாத வெள்ளிக்கிழமை

ஹொல்ம்லியா,
21.11.2004

அன்புள்ள கொறற்றிக்கு,

தங்கேஸ்வரி எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோருக்கும் சுகம். எனக்கும் உடம்பில் ஒன்றுமில்லை, மண்டைக்குள்தான் ஒன்பது நாளாக ஒரே குழப்பம். நீ இருக்கிற ஹம்மர்பெஸ்டில் இனி இரண்டு மாதத்துக்குச் சூரியன் எட்டியும் பார்க்காது என்று எங்கள் வீட்டு டிலக்சி சொன்னாள். மீன் எண்ணெய்க் குளிசையை ஒழுங்காகப் போடு. வயோதிபர்களுக்குக் குளிசை கொடுக்கிற வேலைக்காரிக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பதினைந்து வருடம் ஒரே கட்டடத்தில் இருந்துவிட்டு உனக்குக் கடிதம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. தொலைபேசி எடுத்தால் நீ "வேலைக்கு வெளிக்கிடுறன், பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுகிறாய். முகவரியை ஜெனிதாவிடம் வாங்கினேன். உன் மகள் என்னிடம் இன்னொன்றும் சொன்னாள். நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் உன்னை நிரந்தரமாக எடுக்கக் கேட்டிருக்கிறார்களாம். இந்த மாத முடிவுக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமாம். கட்டின புருசன் வின்சென்ற் அண்ணைக்கு அது தெரியாது. அவர் கோயிலிலும் கடையிலும் "மனுசி ஆறு மாதக் கொன்ராக்றிலை போயிருக்கிறா, நத்தார்ப் பண்டிகைக்கு வந்திடுவா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். கேட்பவர்களுக்கு நானும் அதையேதான் சொன்னேன்.

உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்ல முதலில் சப்பாத்துக்கடை நாடகத்தின் கடைசி நாளைச் சொல்லவேண்டும். நீயும் அங்கே பார்த்திருப்பாய். பார்க்காமல் விட்டிருந்தால் என் விதி, நான் சொல்லித்தான் தெரியப்போகிறது.

நாங்கள் அந்த ஆங்கிலேய நாடகத்தை எப்படிப் பார்ப்போம் என்று உனக்குத் தெரியும். ஆறு வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல். எங்கள் வீட்டில் வெள்ளி மரக்கறி, உங்கள் வீட்டிலும் வெள்ளியில் மச்சம் மாமிசம் இல்லை. அதனால்தானே ஒரே சட்டி கடலையோடு இரண்டு குடும்பமும் ஒரு சோபாவில் இருக்க முடிந்தது. ஆங்கிலம் அரைகுறை. கீழே ஓடும் நோர்வே மொழி எழுத்தை வாசித்து முடிக்க முதல் அடுத்தது வந்துவிடும். ஆனால் அந்த நாடகத்துக்குள் ஒரு கூட்டம் இருந்து சிரிக்குமே, அவர்கள் சிரிக்கிற இடத்தில் நாங்களும் சிரிப்போம். சப்பாத்துத் தைக்கிற மனிசன் தன் பெண்சாதியைப் பார்த்து ஏதோ சொல்லுவார், கூட்டம் கொல்லென்று சிரிக்கும், எங்களுக்குக் கடலை புரைக்கேறும். என்ன சொன்னார் என்று பிறகு டிலக்சியைக் கேட்போம். சில நாள் கேட்கவும் மாட்டோம்.

கடைசி நாளுக்கு வின்சென்ற் அண்ணை வழமைபோல வந்தார். நீ போன பிறகும் அவர் வெள்ளி தவறவிடுவதில்லை. நாடகம் தொடங்கிற்று. சப்பாத்துக்காரர் பகிடி விட்டார். கூட்டத்தின் சிரிப்பு வரவில்லை. இன்னொரு பகிடி. அதற்கும் சத்தம் இல்லை. ஆட்கள் கதைப்பது கேட்கிறது, கதவு சாத்துவது கேட்கிறது, சிரிப்பு மட்டும் இல்லை. என் மனிசன் எழும்பிப்போய் ரீவியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். வயரைக் கழற்றிக் கொழுவினார். உடனே திராமன் பட்டணத்தில் இருக்கிற சண்முகலிங்கம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். "இஞ்சையும் சிரிப்புக் கேக்கேல்லை, நானும் ரீவிக்குத் தட்டிப்போட்டன்" என்று அவர் சொன்னாராம். உடனே இரண்டு பேருமாக நோர்வே முழுக்கக் கேபிள் பழுது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். டிலக்சி தலையில் கைவைத்துக்கொண்டு, "அப்பா, அது பழுதில்லை, வேணுமெண்டுதான் சிரிப்பை எடுத்திருக்கினம்" என்று மூன்று தரம் சொன்னாள். பதினைந்து வயதுப் பிள்ளையின் சொல் அம்பலம் ஏறுமா?

இந்த அமளிக்குள் நான் ஒருத்தி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்புச் சத்தம் இல்லாததால் எழுத்தை வாசிக்க நேரம் கிடைத்தது. கொறற்றி, அந்த மனிசன் சொல்வதெல்லாம் என்னவென்று அன்றைக்குத்தான் வாசித்தேன். வாசித்தால் ஒன்றுகூடப் பகிடியாக இல்லை. கடைக்கு இருபத்தைந்தாம் ஆண்டு விருந்து. ஊர்ச்சனம் எல்லாம் நிற்கிறது. "கணக்கு என்ரை மனுசியைக் கேளுங்கோ, பிழையான விடை வேணுமெண்டால்" என்கிறார். ஆறு வருடமாக நாங்கள் உருண்டு உருண்டு சிரித்த வசனம் அதுதானாம். பெண்சாதி கடையில் போடுகிற மேலங்கியைக் கழற்றி ஆணியில் கொழுவுகிறாள். தைக்கவென்று தட்டில் கிடந்த தன் சப்பாத்தை எடுத்துத் தானே ஆணி அடித்துப் போட்டுக்கொள்கிறாள். அடுப்பில் சூப் இருக்கிறது என்று அவருக்குத் தன்மையாகச் சொல்கிறாள். பிறகு பஸ் தரிப்பில் போய் நிற்கிறாள். அவர் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்து கொடுக்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் மழைக்குள் நிற்கிறார். பஸ் வருகிறது. ஏறிவிடுகிறாள். இரண்டு பேரும் கை காட்டுகிறார்கள். முடிந்தது.

எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை. அந்த மனிசனையும் பார்க்கப் பாவமாக இருந்தது, அதுதான் குழப்பம். வின்சென்ற் அண்ணை தொடக்கத்தில் இரண்டு இடத்தில் பழக்கதோஷத்தில் தனியாகச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. முடிந்ததும், "நல்ல நாடகத்தைப் பழுதாக்கிப் போட்டாங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்.

அதற்குப் பிறகு நான் யாரைக் கண்டாலும் இதைப் பற்றித்தான் கேட்டேன். வேலையிடத்தில் குசினியில் என்னோடு நிற்கிற ராண்டி, கண் வீங்கிப்போய் வந்தாள். அவளுக்கு அது ஆறு வருடமாகக் "கூஷெலி" நாடகமாம். மனதுக்கு இதமானது என்று இந்த நாட்டுச் சனம் மெழுகுதிரிக்கும் சொல்வார்கள், கோப்பிக்கும் சொல்வார்கள், அந்தச் சொல்தான். இனிப் பழைய கசெற்றுகளைப் பார்க்க மனம் வராது என்றாள். பத்திரிகையில் ஒருவர் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். டிலக்சி கணினியில் இங்கிலாந்துச் சனம் எழுதியதை வாசித்துக் காட்டினாள். மேலங்கியை விட்டுப் போனதால் திரும்பி வரமாட்டாள் என்று ஒருவர். சூப் காய்ச்சி வைத்ததால் கட்டாயம் வருவாள் என்று இன்னொருவர். ஒரு பெண், தன் தகப்பன் தாயைப் பார்த்து இப்படித்தான் சொல்வாராம், தானும் சேர்ந்து சிரிப்பாளாம், இப்போது தாய் இல்லையாம். அதற்கு மேல் வாசிக்க வேண்டாம் என்று டிலக்சியை நிறுத்தினேன்.

வின்சென்ற் அண்ணையும் சூப் கட்சிதான். நீ போகும்போது குளிர்ப்பெட்டியில் பெயர் எழுதி அடுக்கிவிட்டுப் போன கறிப்பெட்டிகளைச் சொல்லி, "திரும்பி வராத மனுசி இப்பிடிச் சமைச்சு வைப்பாவோ" என்று என்னைக் கேட்டார். சமைத்து வைத்துவிட்டுப் போவது என்ன கணக்கு என்று உனக்குத்தான் தெரியும்.

சரி, இனிக் குற்றத்துக்கு வருகிறேன்.

போன வெள்ளி நாடகம் இல்லை. ஆனாலும் ஆட்கள் கூடினார்கள். புதிதாகக் குடிவந்த சிவமலரும் புருசனும் வந்திருந்தார்கள். கதை ரெயினுக்குப் போயிற்று. வின்சென்ற் அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். "என்ரை மனுசியை நம்பி ரெயினிலை ஏறிப்போடாதையுங்கோ. ஹொல்ம்லியாவுக்கெண்டு ஏறினாவெண்டால் மற்றப் பக்கம் போய்த் திராமனிலைதான் இறங்குவா. வந்த புதுசிலை இரண்டு நாள் ஆளைக் காணேல்லை" என்றார். சிவமலர் சிரித்தாள். என் மனிசனும் சிரித்தார். டிலக்சி பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியவீட்டில் ஒலிவாங்கியில் இதைச் சொன்னபோது மண்டபம் முழுக்கச் சிரித்ததே, அதே கதை. அன்றைக்கு நீ கேக் தட்டோடு வந்து நின்று நீயும் சிரித்தாய். ஆகப் பெரிதாகச் சிரித்தவள் நான்.

அந்தக் கதை பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். அதற்கு முன்பே ஒருநாள் கீழ்த்தளத்துச் சலவை அறையில் வைத்து நீ சொன்னாய். "நான் ரெயின் மாறி ஏறேல்லை தங்கேஸ். போகத்தான் ஏறினனான்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அவர் கையை ஓங்கினவரே? குடிக்கிறவரே? பகிடிதானே விடுறவர், பழசை ஏன் கிண்டுறாய்" என்று சொல்லிவிட்டுத் துவாய்களை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அதே கிழமை வெள்ளி அவர் அந்தக் கதையைச் சொன்னார். நான் சிரித்தேன். சிரிக்கிற இடம் என்று பழகிவிட்டதால் சிரித்தேன், வேறு நியாயம் என்னிடம் இல்லை.

இந்த முறை வாய் நிற்கவில்லை. "அவள் ரெயின் மாறி ஏறேல்லை" என்று சபைக்கு நடுவில் சொல்லிவிட்டேன். நீ என்னை நம்பிச் சொன்னதை நான் ஊருக்கு முன் போட்டு உடைத்துவிட்டேன். சிரிக்கவும் தெரியவில்லை, சும்மா இருக்கவும் தெரியவில்லை. வின்சென்ற் அண்ணை கோப்பையை வைத்தார். சிவமலர் பாவம், வடைத் தட்டைத் தூக்கி எல்லோருக்கும் இரண்டாம் தரம் நீட்டினாள். அண்ணை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் மனிசன் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

நேற்றுக் காலையில் அண்ணை கதவைத் தட்டினார். சவரம் செய்யாத முகம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வரவில்லை. உனக்கு ஒன்று எழுதச் சொன்னார். நத்தாருக்கு வரச்சொல்லி எழுதச் சொல்வார் என்றுதான் எண்ணினேன். "அண்டைக்கு அவ ஏன் திரும்பி வந்தவ எண்டு கேட்டு எழுதுங்கோ" என்றார். அவ்வளவுதான். படியில் இறங்கிப் போய்விட்டார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன். அவருக்குப் பதில் சொல்வதும் விடுவதும் உன் விருப்பம்.

ஆனால் கொறற்றி, அவர் போன பிறகு நான் அந்த நாட்களை விரல் விட்டுப் பார்த்தேன். நீ திராமனில் இறங்கியது ஒரு செவ்வாய். வியாழன் காலையில் எனக்குப் பிள்ளைப்பேற்று நோக்காடு தொடங்கிற்று. மனிசன் வேலையில். பாசை தெரியாது. பயத்தில் சண்முகலிங்கம் அண்ணையின் மனுசிக்குத் தொலைபேசி எடுத்துத் தனியாக இருக்கிறேன் என்று அழுதேன். நீ அந்த வீட்டில் இருந்தது எனக்குத் தெரியாது. மத்தியானம் நீ பையோடு என் வாசலில் நின்றாய். ரெயின் மாறி ஏறிப்போனேன், இப்போதுதான் வருகிறேன் என்றாய். ஆஸ்பத்திரியில் என் கையை விடாமல் பிடித்திருந்தாய். வெள்ளி விடிய டிலக்சி பிறந்தாள். இந்த இரண்டையும் நான் பதினைந்து வருடமாகச் சேர்த்துப் பார்க்கவேயில்லை.

அதனால்தான் வந்தாயா? ஓம் என்றால் எனக்கு எழுதாதே. என்னால் தாங்க முடியாது. இல்லை என்றால் மட்டும் எழுது.

வா என்று எழுத எனக்கு இனி வாய் இல்லை. வராதே என்று எழுதி எழுதி வெட்டுகிறேன், இந்தக் கட்டடத்தில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். ஆனால் அந்த வேலைக்கு நீ பதில் எழுத உட்காரும்போது அண்ணையை நினைக்காதே, ஜெனிதாவை நினைக்காதே, என்னை அறவே நினைக்காதே. யாருக்கும் நோவில்லை, எல்லோரும் சுகமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எழுது.

உன் மாதாவும் என் முருகனும் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

உன் அன்பை மறவாத
தங்கேஸ்வரி