பேருக்குப் பின்னால் ஒரு வால்

சேசு மரி சூசை துணை
கிரீன்லாந்து, 12 ஆகஸ்ட் 1935

கண்ணான மதலேனாளுக்கு,

உன் மாமன் எழுதுவது. பனியை அளக்க வந்த பிரெஞ்சுத் துரைகளுக்குக் குசினியில் சமைத்துப் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறேன். உன் சுகத்துக்கு எழுது.

இந்த ஊர்ப் பாஷை ஒரே வேடிக்கை. எந்தப் பேர்ச்சொல்லானாலும் பின்னால் ஒரு வாலை ஒட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு 'இல்லு', நம் இல் மாதிரியே. அதில் 'இங்குவாக்' ஒட்டினால் 'இல்லுங்குவாக்', செல்லமான சின்ன வீடு. நாய் 'கிம்மிக்', 'ஆரக்' ஒட்டினால் 'கிம்மியாரக்', அதன் குட்டி. முன்னே இருந்து இப்போது இல்லாமல் போனதற்குக் 'கலுவாக்'. இடிந்துபோன வீடு 'இல்லுகலுவாக்'.

எங்களுக்குத் தோல் ஜோடு தைக்கும் நாயா என்ற பெண்தான் தினம் ஒரு வால் சொல்லித் தருகிறாள். என்னையே 'பாஸ்கலிங்குவாக்' என்கிறாள். சிரிக்காதே.

அன்புள்ள,
பாஸ்கல்

*

மாதா துணை
வில்லியனூர், 3 டிசம்பர் 1935

அன்புள்ள மாமாவுக்கு மதலேனாள் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சுகம். நாலு மாதம் கழித்து வந்த கடிதத்தில் எனக்கு ரெண்டு வரி, வாலுக்கு ஒரு பக்கம். உங்கள் தங்கை அந்தோணி மேரி, "அண்ணன் இன்னா எழுதிகீது, அண்ணி?" என்றாள். "குளுருதாம்" என்றேன். வேறென்ன சொல்ல?

நாயாவாமே! பேரே அப்படியென்றால் வாலுக்கா பஞ்சம்? கோயிலில் உங்களுக்குக் கழுத்தை நீட்டி ஆறு வருஷம். உங்கள் பேரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதில்லை. கடித உறையில்கூட என் அண்ணன் மரியசுந்தரம்தான் எழுதுகிறார். நேற்று வந்தவள் அதைச் செல்லம் கொஞ்சிக் கூப்பிடுகிறாளா? வயிறு எரிகிறது மாமா, ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். ஜோடு தைத்து முடிந்திருந்தால் ஊர் வந்து சேருங்கள்.

அடியாள்,
மதலேனாள்

*

கிரீன்லாந்து, 20 ஜூலை 1936

மதலேனாளுக்கு,

பனி உருகி முதல் கப்பல் வந்த பிறகுதான் உன் கடிதம் கிடைத்தது. வீண் சந்தேகம் வேண்டாம். நாயா என்றால் 'தங்கை' என்று அர்த்தமாம். பாவம், இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் இன்னாரென்று அவள் சொல்லவில்லை. ஊரார் அதைப் 'பாஸ்கலியாரக்' என்று கூப்பிடுகிறார்கள். எல்லாம் விளையாட்டுக்குத்தான்.

இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லித் துரை கேட்டார். சரி என்றுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

பாஸ்கல்

*

வில்லியனூர், 8 நவம்பர் 1936

கடிதம் கிடைத்தது.

'ஆரக்' என்றால் குட்டி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டு எழுதிவிட்டீர்கள். பழைய காகிதம் என் செபப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

அந்தோணி மேரி வந்து, "இன்னா அண்ணி, இன்னும் குளுருதாமா?" என்றாள். "ஆமாண்டி, ரொம்ப" என்றேன்.

குழந்தைமேல் எனக்குக் கோபமில்லை, அது என்ன செய்யும்? ஆனால் அவளை நினைத்து எரிகிற வயிறு இன்னும் அணையவில்லை. பிள்ளை வேண்டி நான் மாதாவுக்கு ஏற்றின மெழுகுதிரியெல்லாம் அங்கே போய்ப் பலித்திருக்கிறது. ஒரு வருஷம் என்ன, எத்தனை வருஷமானாலும் இருந்துகொள்ளுங்கள்.

உறைமேல் பேர் எழுத இந்தத் தடவை அண்ணனைக் கூப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக நானே உங்கள் பேரை எழுதியிருக்கிறேன், இடிந்த வீட்டுக்குச் சொன்னீர்களே, அந்த வாலும் ஒட்டி. சரியாக ஒட்டியிருக்கிறேனா என்று அவளையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்கலிகலுவாக்.

மதலேனாள்