காய்ச்சல் விட்ட நாள்

கோவில்பட்டி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மகன் முத்துசெல்வத்துக்கு, அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை. அம்மா நேற்றுக் காலை முதல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். போனில் சொல்ல ஆரம்பித்தால் குரல் நின்றுவிடுகிறது, அதனால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுச் சுடலைச்செல்வி இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

வெள்ளிக்கிழமை உன்னிடம் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, டிக்கெட் போட வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, பொய் சொல்லவில்லை. திங்கள் முதல் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நோட்டில் குறித்து வந்தேன், அன்று காலை தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. டெங்கு என்று தெரிந்ததிலிருந்து தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், வியாழன்வரை தவறாமல் கூட்டிப்போனேன். வெள்ளியன்று சுடலைச்செல்வி வந்து, அதான் காய்ச்சல் விட்டுட்டுல்லா சார்வாள், அக்காவுக்குத் தலைக்கு ஊத்துங்க, இன்னும் எத்தன நாளைக்கு அந்தக் குச்சியத் தூக்கிக்கிட்டுத் திரிவீய என்று சிரித்தாள். அம்மாவும், நான் என்ன ஒங்க லேப்ல இருக்க குடுவையா என்று கேட்டாள். வெந்நீர் போட்டுத் தலைக்கு ஊற்றியாயிற்று. ஈரத்தலையோடு காற்றில் வெளியே போகக் கூடாது என்று அன்றைய ரத்தப் பரிசோதனையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தது நான்தான். மத்தியானம் வயிறு வலிக்குது என்றாள், அஞ்சு நாளாச் சரியாச் சாப்பிடலல்லா, அதான் என்று சமாதானமும் அவளே சொன்னாள். இரண்டு தடவை வாந்தி. சாயங்காலம் கை கால் சில்லென்று இருந்தது. தலைக்கு ஊற்றியதால் என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடினேன். காய்ச்சல் இருக்கிறதா பார்த்தேன், இல்லை, நிம்மதியாகக் குறித்துவைத்தேன். நேற்றுக் காலை நாடி கைக்கே சிக்கவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்த நோயில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் பயப்பட வேண்டிய நாளாம். கிருமி குறைந்த பிறகும் அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு அடங்குவதில்லை, அது சுரக்கும் பொருள்களால் ரத்தக் குழாய்ச் சுவர் இளகி, நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் கட்டிக்கொள்கிறது, ரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது. ஏழு வருஷத்துக்கு முன் அவளுக்கு வந்தது வேறு வகை டெங்குவாக இருக்கும், அன்று உண்டான எதிர்ப்புப் பொருளே இந்தக் கிருமியைக் கொல்லாமல் அணுக்களுக்குள் கொண்டுபோய் விட்டிருக்கலாம் என்றார். காய்ச்சல் இறங்கினால் உடம்பு ஜெயித்துவிட்டது என்று முப்பத்து நாலு வருஷம் அறிவியல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது சலைனை அளந்து அளந்து ஏற்றுகிறார்கள், குறைந்தால் அழுத்தம் விழும், கூடினால் மூச்சு முட்டும். நாளைக் காலைவரை எதுவும் சொல்ல முடியாதாம். வெள்ளிக்கிழமையே கூட்டி வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒருதரம் உள்ளே விட்டார்கள். முகம் ஊதியிருக்கிறது. கண்ணைத் திறந்து, செல்வம் வந்துட்டானா என்று கேட்டாள். வரவேண்டாம் என்று சொன்னவன் நான்தான் என்று அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, வந்துக்கிட்டு இருக்கான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஏழு வருஷத்துக்கு முன் நீயும் அவளோடு இதே காய்ச்சலில் கிடந்தாய், இன்னொரு தடவை வந்தால் உனக்கும் இப்படி ஆகலாம். நம் தெருவில் இப்போது நாலு வீட்டில் இருக்கிறது, எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில் பிடித்துவைக்காமல் யாராலும் இருக்க முடியாது, கொசுவும் அதில்தான். உன்னை வா என்பது சரியா, வேண்டாம் என்பது சரியா, என் யோசனை எதிலும் இனி எனக்கே நம்பிக்கை இல்லை. அடுத்த வரியை இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். வந்துவிடப்பா. இன்றைக்கே கிளம்பு.

குழந்தையைக் கூட்டி வராதே. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வா. உனக்கும் மருமகளுக்கும் குழந்தைக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும். அம்மாவிடம் நான் சொன்ன பொய்யை நீ வந்து மெய்யாக்கு.

உன் அப்பா,
அ. பெருமாள்சாமி