எட்டு வேண்டாம், நாலு போதும்

மார்ச் 3, ஞாயிறு

கூடத்தில் இருந்தவர்கள்: நான், அவர், அவருடைய அக்கா, மகள். வேறு யாரும் இல்லை. பேச்சு என் பைக்கைப் பற்றி. தம்பி வெளிநாடு போகும்போது என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தது. ரேஸ் டிராக்குக்கென்றே செய்த வண்டி. மாதம் ஒரு ஞாயிறு ஓட்டுகிறேன். அதுவும் பொறுக்கவில்லை.

"இந்த வயசுல வளைவுல முட்டியத் தேச்சுக்கிட்டு... அந்த முட்டிய மடக்கி சாமி கும்பிட்டா புண்ணியமாவது கிடைக்கும்" என்றார் அண்ணி.

"ரெண்டுக்கும் இதே முட்டிதான் அண்ணி."

மகள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனாள்.

கடைசியில் அவர் சமரசம் பேசினார். ஓட்டலாம், ஆனால் ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் எட்டிலேயே இருக்க வேண்டுமாம். பின்சக்கரம் வழுக்கினால் இன்ஜினை அடக்குகிற ஏற்பாடு அது. ஒன்று என்றால் பெயருக்கு; எட்டு என்றால் மூச்சுவிடாமல் அடக்கும். அடக்குவதென்றால் எல்லோருக்கும் எவ்வளவு பிடிக்கிறது! நான் சரியென்று சொல்லவில்லை.

மார்ச் 6

வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேடு முழுதும் படித்தேன், அகராதியோடு. எட்டு மழைக்கு. காய்ந்த தரைக்கும் சூடேறிய டயருக்கும் அது ஆகாது. ஒரு சுற்றுக்கு ஓர் எண் குறைக்க வேண்டும், வேறெதையும் தொடக்கூடாது. உப்பையும் காரத்தையும் ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்?

மார்ச் 10, ஞாயிறு

அவரும் டிராக்குக்குக் கூட வந்திருந்தார். காலையில் எட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். நாலில் வண்டி என் சொல் கேட்டது. வளைவு முடிகிற இடத்தில் இன்ஜினை அடக்குகிறது என்று காட்டும் மஞ்சள் விளக்கு ஒரு சிமிட்டல், அவ்வளவுதான்.

மதியமும் நாலில்தான் கிளம்பினேன் — அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் வளைவில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி திணறுகிறது. விளக்கு அணையவே இல்லை. பின்னால் வந்தவர் மயிரிழையில் விலகிப் போனார். இல்லாவிட்டால் இரண்டு பேரும் மண்ணில். நிறுத்திப் பார்த்தால், எட்டு.

கிளம்புமுன் கண்ணை மூடிக் கும்பிட்டேனே, அந்த நேரத்தில் அவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார். கடவுள் பார்க்கப் பார்க்க! கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

"பயமா இருந்துச்சும்மா."

"பயந்தா எங்கிட்ட சொல்லுங்க. வண்டிகிட்ட சொல்லாதீங்க."

மார்ச் 11

அவரோடு பேச்சில்லை. இனிமேல் கண்ணைத் திறந்துகொண்டே கும்பிடுவேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

மார்ச் 14

டயருக்குக் காற்று பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கி வந்தார். அடுப்படி வாசலிலேயே நின்றார். "காத்து மட்டும் நான் பாத்துக்கட்டுமா? சுவிட்ச் பக்கம் வரமாட்டேன்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ரொம்ப யோசிக்கவில்லை. டிராக் அலுவலகத்துக்கு எழுதியதன் நகல்:

"ஐயா, புதியவர்கள் குழுவிலிருந்து என்னை அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். என் வண்டியின் ட்ராக்‌ஷன் அளவை நான் மட்டுமே வைப்பேன். உங்கள் ஆட்களும் தொடக்கூடாது. டயர் பார்க்க என் கணவர் கூட வருவார், அவருக்கும் ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."