பகலில் எரிந்த விளக்கு

இன்று காலையில் விளக்குத் திரியைக் கத்தரித்தேன். விரலில் ஒட்டிய சீமெண்ணெய் வாசம் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்த வாசத்தோடு நீயும் வந்து நெல் குதிருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாய். இருந்த நாளிலும் நீ இப்படித்தான், கூப்பிடாமலே வந்து நிற்பாய்.

என் கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு நீ இந்த வீட்டுக்கு வந்தபோது, எனக்கென்று ஊரில் இருந்தது ஒன்றே ஒன்று. கைராசி. யார் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும், கூடையில் மணல் பரப்பி முட்டை வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடக்கூடாது என்று ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக் கரியும் கூடவே வைப்போமே, அதுவும் என் கையால்தான் வைக்கவேண்டும். நான் வைத்தால் ஒன்றுகூடக் கூமுட்டை ஆகாது என்று பேச்சு. நகை நட்டு இல்லாதவளுக்கு அந்தப் பேச்சுதான் நகை.

உன் தலைப்பொங்கலுக்கு உன் அப்பா சீர் கொண்டுவந்தார். என் தலைப்பொங்கலுக்கு எனக்கு வந்தது ஒரு பித்தளைப் பானையும் ஒரு கட்டுக் கரும்பும். உனக்கு வெண்கலப் பானை, பட்டுச் சேலை, அதற்கும் மேலே வண்டியிலிருந்து இரண்டு ஆள் சேர்ந்து இறக்கிய ஒரு மரப்பெட்டி. பினாங்கில் ஒரு செட்டியார் கடையில் வேலை பார்த்தவர், ஊர் திரும்பும்போது அங்கே ஒரு துரை வீட்டு ஏலத்தில் எடுத்தாராம். கண்ணாடிக் கதவு, உள்ளே தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் சீமெண்ணெய் விளக்கு, சூடு பார்க்க ஒரு கண்ணாடிக் குழல். கோழியே இல்லாமல் குஞ்சு பொரிக்கும் என்றார். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கழுத்துக்கு ஒரு காசுமாலை கொண்டுவந்திருந்தால்கூட நான் அவ்வளவு எரிந்திருக்கமாட்டேன்.

நீயோ முதல் முட்டையை என்னிடம் நீட்டினாய். "அக்கா, நீங்க வைங்க. உங்க கைராசிக்குத்தேன் பொரிக்கும்."

"ஒம் பொட்டிக்கு எதுக்குடி கைராசி? அதுக்குத்தேன் வெளக்கு இருக்கே" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். நீயே வைத்தாய். அதற்குப் பிறகு காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு முட்டையாகத் திருப்பிவிட்டு, "எந்திரிங்க, எந்திரிங்க, விடிஞ்சுபோச்சு" என்று அவற்றோடு பேசிக்கொண்டிருப்பாய். பைத்தியம் என்று நினைத்தேன். சிங்கம்புணரிச் சந்தைக்குப் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்தி உன் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெட்டி இருந்த அறையின் மூலையில் என் கோழி கறுப்பியும் அடையில்தான் இருந்தது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நம் மாமியாருக்கு மட்டும் அந்தப் பெட்டி ஆகவில்லை. பகலில் விளக்கு எரிவது குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் முணுமுணுத்ததால், வெளிச்சம் தெரியாமல் நீ ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தாய். பொரிக்கும் நாள் நெருங்கியபோது உன் அம்மாவுக்குச் சுகமில்லை என்று உன் பிறந்த ஊர் புதுவயலிலிருந்து ஆள் வந்தது. "வெளக்கை மட்டும் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிப் போனாய். நான் காதில் விழாததுபோலக் களத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் களத்திலிருந்து திரும்பினால், வீட்டில் அந்தச் சனியன் பிடித்த சீமெண்ணெய் வாசம் இல்லை. தினமும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிய வாசம். சாக்கை விலக்கினேன். விளக்கு அணைந்து கிடந்தது.

"பட்டப்பகல்ல வெளக்கு எரிஞ்சா வீடு உருப்படுமாடி? நாந்தேன் அணைச்சேன்" என்றார் அத்தை, வெற்றிலைக்கு நரம்பு கிள்ளியபடி.

ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தேன். உள்ளே தட்டிக்கொண்டிருந்தது. இவை பொரிக்காமல் போனால் என் கைராசிக்குப் பழைய மதிப்பு வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காதோரம் தட்டுகிற ஒன்றை எப்படி விட்டுவிட்டுப் போவது? விளக்கை ஏற்றலாம் என்றால் திரியை எவ்வளவு தூக்குவது என்று தெரியாது. உன்னிடம் கேட்கமாட்டேன் என்று வீம்பாக இருந்தவளாயிற்றே. கறுப்பிக்கு அடியிலிருந்த என் முட்டைகளை எடுத்துப் பானையில் போட்டுவிட்டு உன்னுடையவற்றை வைத்தேன். கொள்ளாத மிச்சத்துக்குப் பக்கத்து வீட்டு அடைக்கோழியை இரவல் வாங்கினேன். என் முட்டைகள் பானையிலேயே ஆறிப்போயின.

மறுநாள் நீ வந்தபோது குஞ்சுகள் ஓட்டை உடைத்து, ஈரம் காய்ந்து, கறுப்பியின் இறக்கைக்குள் இருந்தன. நடந்ததைச் சொன்னேன். நீ கூடைக்கு முன்னால் குந்தி, அழுதுகொண்டே, "எந்திரிங்க, எந்திரிங்க" என்றாய். அவ்வளவுதான். ஒவ்வொன்றாகத் தலையை நீட்டி, கால் தடுமாறி, கறுப்பியை விட்டுவிட்டு உன் குரலுக்கு வந்தன. கறுப்பி கொக்கரித்தது. அன்றைக்கு அதற்கும் எனக்கும் ஒரே வயிற்றெரிச்சல்.

அதோடு விட்டாயா? ஊருணிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னாய்: "எம் பொட்டி அணைஞ்சேபோச்சு. அக்கா கைபட்டுத்தேன் பொரிச்சுச்சு. அவுக கைராசி யாருக்கும் வராது." உன் இடத்தில் நான் இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். அதனால்தான் உன்மேல் இன்னும் எரிந்தது. இப்படி விட்டுக்கொடுக்கிறவளோடு ஒருத்தி எப்படிச் சண்டை போடுவது?

அந்தக் குஞ்சுகளை இருவரும் சேர்ந்துதான் வளர்த்தோம். நீ குருணையை இடித்துப் போடுவாய், நான் பருந்துக்குக் காவல் நிற்பேன். நிற்க முடியாத நோஞ்சான்களை அடுப்படியில் தவிட்டுக்குள் பொதிந்து வைப்பாய். சில பிழைத்தன, சில செத்தன. செத்ததற்கெல்லாம் நீ அழுதாய். "கோழிக்குஞ்சுக்கு யாராச்சும் அழுவாகளாடி?" என்று அதட்டுவேன். விளக்குத் திரியை எவ்வளவு தூக்குவது என்று அந்த நாட்களில்தான், கேட்காததுபோலக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிறகு அந்த விஷக்காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோனது. உன்னை எடுத்த அன்று எல்லாரும் உன் குணத்தைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்கு யார் இப்படி அழுவார்கள் என்று அந்த இடத்திலும் தோன்றியது. என் புத்தி அப்படி. நீ போய்விட்டாய் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. பெட்டி முன்னால் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

இப்போது பெட்டி என்னிடம். பகலிலும் விளக்கு எரிகிறது, அணைக்க அத்தையும் இல்லை. முட்டையைத் திருப்பும்போது உன் பேச்சுதான் என் வாயில் வருகிறது. வேறு எதையாவது சொல்லிப் பார்த்தேன், நாக்கு திரும்பவில்லை. இன்று பொரித்த குஞ்சுகள் நான் கூப்பிட்டதும் ஓடி வந்தன. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, "என்ன இருந்தாலும் உங்க கைராசிதேன் அக்கா" என்றாள்.

உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமா, என் கைராசிதேன்" என்றேன். நீ கொடுத்ததுதானே. திருப்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை.