மூன்று வயதில் அவள் எப்படி இருந்தாள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினோரு அழைப்புகள். ஏழு தாய்மார்கள் எடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளெல்லாம் இப்போது பெரியவர்கள். மூன்று வயதில் இருந்த சுபாவத்துக்கும், வளர்ந்தபின் ஆணை விரும்புகிறார்களா பெண்ணை விரும்புகிறார்களா என்பதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. பிள்ளை இப்போது எப்படி என்று அலுவலகத்தில் எனக்குச் சொல்லமாட்டார்கள், நானும் கேட்கக்கூடாது. மூன்று வயதைப் பற்றி மட்டும்தான். புது ஆளைக் கண்டால் ஒளிவானா? தூக்கினால் ஒட்டிக்கொள்வானா?

ஒரு அம்மா சொன்னார்: "அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம்? சாப்பிடத்தான் படாத பாடு படுத்துவான்." எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

மார்ச் 9, ஞாயிறு

சில்வண்டு போன் செய்தாள். வாய் ஓயாமல் பேசுவதால் என் மகளுக்குச் சிறு வயதிலேயே வைத்த பெயர். இருபத்தேழு வயதாகியும் போகவில்லை. இன்று திக்கித் திக்கிப் பேசினாள்.

"அம்மா, என்கூட தங்கியிருக்கிற பொண்ணு... ஃப்ரெண்டு மட்டும் இல்லம்மா. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழறோம்."

"அடுப்புல பால் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

அடுப்பில் ஒன்றுமே இல்லை.

மார்ச் 10

பேசவில்லை. என்ன பேச?

மார்ச் 14, வெள்ளி

ஊழியர்களும் தங்கள் பிள்ளையைப் பற்றி அதே கேள்வித்தாளை ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை நிரப்ப வேண்டும். ஞாபகம் எவ்வளவு நிலையானது என்று பார்க்க. இன்று இரண்டாவது முறை. பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். கை தயங்கவே இல்லை.

மார்ச் 21, வெள்ளி

ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியை கூப்பிட்டார். மேசையில் என் இரண்டு தாள்களும் இருந்தன. செப்டம்பரில்: யாரிடமும் போவாள், தூக்கினால் இறங்கமாட்டாள், சீக்கிரம் அழுவாள், சீக்கிரம் சிரிப்பாள். மார்ச்சில்: தனியாகவே விளையாடுவாள், பிடிவாதம், தூக்கினால் விறைத்துக்கொள்வாள்.

"உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்களா?" என்று சிரித்தார். நான் அழுததைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க மட்டும் இல்லம்மா. இன்னைக்குத் தெரிஞ்சத வச்சு அன்னைக்கு நடந்தத மாத்திடுவோம். அதுக்குத்தான் ரெண்டு தடவ கேக்கறோம்."

பொய் எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக அப்படித்தான் ஞாபகம் வந்தது! எங்கே தவறு செய்தேன் என்று தேடிக்கொண்டே போய், கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கின பிள்ளையை விறைத்துக்கொள்கிற பிள்ளையாக ஆக்கிவிட்டேன். என் குழந்தையை நானே தொலைத்துவிட்டு அவளைக் குறை சொல்லப் பார்த்தேனா? பாவி நான்.

மார்ச் 22

மூன்று முறை போனை எடுத்து வைத்தேன். "நம்பர் மறந்துபோச்சா, நான் போட்டுத் தரவா?" என்றார் இவர். இவர் தினமும் அவளோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனுஷன்!

மார்ச் 23, ஞாயிறு

பேசினேன்.

எடுத்ததும், "பால் பொங்கிடுச்சாம்மா?" என்றாள்.

"அடுப்பே பத்த வைக்கலடி."

சிரித்தோம். அப்புறம் இருவரும் அழுதோம். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சின்ன வயசுலயே நான் வேற மாதிரி இருந்தேனாம்மா? நீ அதத்தானே ஆராய்ச்சி பண்றே?"

இரண்டு தாள்களின் கதையை மறைக்காமல் சொன்னேன். சில்வண்டு இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் கேட்டதில்லை.

"எந்தத் தாள் நிஜம்?"

"மொத தாள்தான். உன்ன இடுப்புலேர்ந்து இறக்கவே முடியாது. மத்ததெல்லாம் எனக்குத் தெரியாதுடி. அது யாருக்கும் இன்னும் தெரியாது. ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க."

ஏப்ரல் 12, சனி

நேற்று வந்தார்கள். அந்தப் பெண் பல் மருத்துவர். நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் "வாங்க, சாப்பிடுங்க" என்று விருந்தாளியிடம் பேசுவதுபோலத்தான் பேசினேன்.

இன்று காலை அவள்தான் முதலில் எழுந்தாள். போர்வையை மடித்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றாள். சும்மா நிற்பானேன் என்று பூண்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு பல்லாக நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்படி இல்லடி, கத்தியால ஒரு தட்டு தட்டு, தோல் தானா வந்துடும்!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே பார்த்துக் கத்தினாள்: "ஏய், உங்கம்மா என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டுட்டாங்க!"

போர்வைக்குள்ளிருந்தே என் மகள் சொன்னாள்: "அப்ப இனிமே திட்டும் சேர்ந்து வரும், வாங்கிக்கோ."