மாற்றாமல் விட்ட லைசென்ஸ்

மார்ச் 3

எங்கள் வீட்டு மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர், என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார். எழுதி வைக்காவிட்டால் பெரிய மனசு பண்ணி நானே மறந்து தொலைப்பேன். இந்த நாட்டுக்கு வந்த ஒரு வருஷத்துக்குள் ஊர் லைசென்ஸைக் கொடுத்தால் பரீட்சை இல்லாமல் இங்கத்து லைசென்ஸ் தருவார்கள். அதற்கு நாள் வாங்கித் தருவதாகச் சொன்னவர் அவர். வருஷம் முடிந்தபின் நான் கேட்டதும் சொல்கிறார்: "மறந்துட்டேன்க்கா. என் தப்புதான்." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இனி முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டுமாம். பள்ளிக்கூட வேன் ஓட்டி இந்தத் தங்கையைப் படிக்கவைத்தவள் நான். எனக்கு எல் போர்டு!

மார்ச் 5

அவரோடு பேச்சு இல்லை. தட்டை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

மார்ச் 9

மளிகைக் கடைக்காரர் இன்றும் கேட்டார். வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோக வேன் ஓட்ட ஆள் தேடுகிறார்.

"என்னம்மா, லைசென்ஸ் வந்துச்சா?"

"வரும்."

"மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் வேற ஆளுதான்."

கடைக்குப் பின்னால் வேலையாளுக்கென்று ஓர் அறை. ஜன்னல் இருக்கிறது. உள்ளே போய் நின்று பார்த்தேன். இங்கே நான் படுப்பது தங்கை பிள்ளைகளின் கட்டில்களுக்கு நடுவில், தரையில்.

தங்கையிடம் சொன்னேன். "விடுக்கா, இந்த வயசுல வேன் எதுக்கு? பிள்ளைங்க உன்னைத் தேடுவாங்க" என்றாள், துணி மடித்துக்கொண்டே. அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. புருஷனாச்சே.

மார்ச் 12

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்தார். "பழகறதுக்கு என் காரை எடுத்துக்குங்கக்கா. நான் பக்கத்துல உக்கார்றேன்."

"மறக்காம உக்காருவீங்களா?"

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நன்றாக வேண்டும்.

மார்ச் 17

பஸ் மாறி லைசென்ஸ் அலுவலகத்துக்கு நானே போனேன். எனக்கு இந்த ஊர் பாஷை அரைகுறை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்குப் போன வருஷமே நாள் கொடுத்தார்களாம். நானே போன் பண்ணி வேண்டாம் என்றேனாம்.

நானா? போனில் இந்தப் பாஷை பேச எனக்கு வாய் ஏது?

எந்த நம்பர் என்று கேட்டேன். படித்துக் காட்டினாள்.

தங்கையின் நம்பர்.

திரும்பும்போது இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

மார்ச் 18

கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஆமா, நான்தான். லைசென்ஸ் வந்தா நீ போயிடுவே. சின்னதுல நான் காய்ச்சல்ல கிடந்தப்பவும் நீ வேன்லதானே இருந்தே? இப்பவாச்சும் வீட்டுல இருக்கட்டும்னு நினைச்சேன்."

"அந்த வேன் ஓடலைன்னா உனக்கு மருந்து எங்கேருந்துடி வந்திருக்கும்?"

"மருந்தையா கேட்டேன்?"

அவள் கழுவிக் கொடுத்த பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன்.

மாப்பிள்ளை நாள் வாங்கி இவளிடம்தான் சொல்லியிருக்கிறார்; இவள் வேண்டாமென்றது அவருக்குப் பிறகுதான் தெரிந்ததாம். அக்கா தங்கைக்குள் சண்டை வேண்டாமென்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மனுஷன் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம் — அப்போதே நான் நேரில் போய் மன்றாடியிருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மார்ச் 20

கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேன் வேறு ஆளுக்குப் போகிறது. "அவருக்கு வீடு இருக்கு, ரூம் சும்மாத்தான் கிடக்கும். சாமான் கட்டிக் குடுக்க வர்றீங்களா?" என்றார்.

வருகிறேன் என்றேன்.

மார்ச் 22

ஆகவேண்டியவை:

எழுத்துப் பரீட்சைக்கு நாள் வாங்குவது — நான். என் நம்பரைக் கொடுத்து.

ஞாயிறுதோறும் காரில் பக்கத்தில் உட்கார்வது — மாப்பிள்ளை. யோசனை எதுவும் சொல்லாமல்.

அவரிடம் முதலில் பேசுவது — நான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது — அவர்கள் அம்மா.

நான் போவதைப் பிள்ளைகளிடம் சொல்வது — அவளேதான்.

ஒண்ணாம் தேதி என் பெட்டியைக் கடை அறைக்குத் தூக்கிப்போவது — நான். ஒரு பக்கம் பிடிக்கத் தங்கை வந்தால் வரட்டும். கூப்பிட மாட்டேன்.